வாசலில் வாங்கும் கையெழுத்து

வெயில் என் மேல்தானே அடிக்கிறது, நீங்கள் ஏன் சார் இப்படி நெளிகிறீர்கள்? வண்டியை இப்போதைக்கு எடுக்க மாட்டார்கள். டிரைவர் இறங்கி டீ குடிக்கப் போய்விட்டார். டிரைவர் டீ குடிக்கப் போனால் அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு லாரி நிற்கிறது. பின்னால் எத்தனை என்று தெரியவில்லை. திருப்பிக்கொண்டு போகலாம் என்றால் இந்த ரோட்டில் மாட்டு வண்டி கூடத் திரும்பாது. உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

என்ன மறியல் என்று கண்டக்டரிடம் கேட்டீர்கள். அவர் "ஆஸ்பத்திரிப் பிரச்சினை" என்றார். அவருக்கு அவ்வளவுதான் தெரியும். நான் சொல்கிறேன். அதோ அந்த மஞ்சள் கட்டடம், மேலக்குறிச்சி ஆரம்ப சுகாதார நிலையம். ரோட்டின் நடுவில் உட்கார்ந்திருக்கிறானே, நீலக் கட்டம் போட்ட சாரம் கட்டிக்கொண்டு, அவன் பெண்டாட்டி உள்ளே இறந்துபோயிருக்கிறாள். பிரசவத்துக்கு வந்தவள். வெள்ளரிப் பிஞ்சு விற்க வந்த அம்மாள் சொன்னாளே, நீங்கள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தீர்கள். குழந்தை இருக்கிறதாம். பெண் குழந்தை.

கத்துகிறான், கேட்கிறதா? "எங்கிட்ட யாருமே சொல்லலையேய்யா! பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தூக்கிட்டு ஓடியிருப்பேனே!"

இந்த வார்த்தையை எதிர்த்துத்தான் சார் நான் இருபத்தாறு வருஷம் வாதாடினேன். ஊர் மாறும், ஆள் மாறும், இந்த வார்த்தை மட்டும் மாறவே மாறாது. எங்கிட்ட யாருமே சொல்லலையே.

என் பெயர் திரவியம். வக்கீல். இப்போது கோர்ட்டுக்குப் போவதில்லை. அரசுத் தரப்பில் இருந்தேன். மாவட்டத்தில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் மேல் வழக்கு வந்தாலும் என் மேசைக்கு வரும். நஷ்டஈட்டு வழக்கு, மனித உரிமைப் புகார், கலெக்டர் விசாரணை, துறை விசாரணை, எல்லாம். கொலைக் கேஸ் நடத்துகிறவர்களுக்குப் பெயர் இருக்கும். எனக்கு அப்படிப் பெயரெல்லாம் கிடையாது. ஆனால் மாவட்டத்தில் எந்த நர்சும் என்னைக் கண்டால் எழுந்து நிற்பாள். அது வேறு மாதிரி மரியாதை.

நீங்கள் என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது என்பதற்காக முதலிலிருந்து சொல்கிறேன். வேறு வேலை என்ன இருக்கிறது நமக்கு.

எனக்கு வந்த முதல் வழக்கு கருவேலங்குளம். அங்கே ஜெபராணி என்று ஒரு நர்ஸ். அப்போது சின்ன வயசு. பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்கு ஜன்னி கண்டுவிட்டது. ஜெபராணி அந்தப் பெண்ணின் மாமியாரிடம் கெஞ்சியிருக்கிறாள். ஜீப் நிற்கிறது, ஏற்றுங்கள், பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று. மாமியார்க்காரி, "எட்டுப் பெத்தவ நான். எனக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிட்டு?" என்றிருக்கிறாள். பெண் போய்விட்டாள். அப்புறம் அதே மாமியார் விசாரணையில் வந்து, எங்களிடம் யாருமே சொல்லவில்லை என்று சத்தியம் செய்தாள். எழுத்தில் ஒன்றுமில்லை. ஜெபராணியைத் தொலைத்துவிட்டார்கள். பதவி உயர்வை நிறுத்தி, மலையோரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

என் ஆபீசில் உட்கார்ந்து அழுதாள். "சார், நான் அந்தம்மா கால்ல விழுந்தேன் சார். கால்ல விழுந்ததுக்கு ரசீது உண்டா?"

அதைக் கேட்டு எனக்குத் தூக்கம் போய்விட்டது. ரசீது வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அந்த வாரமே உட்கார்ந்து ஒரு படிவம் எழுதினேன். இரண்டே வரி. 'மேல்சிகிச்சைக்காகப் பெரிய மருத்துவமனைக்குச் செல்லுமாறு எங்களுக்குப் புரியும் மொழியில் எடுத்துச் சொல்லப்பட்டது. நாங்கள் எங்கள் சொந்த விருப்பத்தின் பேரில் மறுத்துவிட்டோம்.' கீழே கையெழுத்து அல்லது கைநாட்டு. நோயாளிக்கு என்ன உறவு. தேதி, நேரம். 'புரியும் மொழியில்' என்று போட்டேன் பாருங்கள், அதை ஒரு நீதிபதியே பாராட்டினார்.

அச்சடித்து எல்லா நிலையங்களுக்கும் அனுப்பினோம். ஆறு மாசம் கழித்துப் பார்த்தால் கட்டு பிரிக்காமல் கிடக்கிறது. ஒருத்தரும் கையெழுத்து வாங்கவில்லை. மாவட்ட மருத்துவர்கள் கூட்டத்தில் போய்க் கேட்டேன், ஏன் வாங்கவில்லை என்று. ஒரு டாக்டர் எழுந்தார். குண்டு ஆள், நல்ல தமாஷ்காரர்.

"வக்கீல் சார், அந்த நேரத்துல நாங்க ரத்தத்த அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்போமா, இல்ல பேனாவப் பிடிச்சுக்கிட்டு நிப்போமா? நீங்க வேணா ஒருநாள் வந்து லேபர் வார்டுல நில்லுங்க, படிவத்த நீட்டிக்கிட்டு."

கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்: "அப்படின்னா வாசல்லயே வாங்கிருங்க டாக்டர். உள்ள அனுமதிக்கச் சீட்டுப் போடும்போதே. நேரத்த மட்டும் காலியா விட்டு வைங்க. தேவைப்பட்டா நிரப்பிக்கலாம். தேவைப்படலன்னா கிழிச்சுப் போட்டுருங்க."

முகத்தைச் சுளிக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கிழித்துத்தான் போட்டார்கள். தாயும் பிள்ளையும் நன்றாக வீட்டுக்குப் போனால் அந்தக் காகிதம் எதற்கு? மிச்சம் ஒன்று இருக்கிறதே, அதற்குத்தான். அந்த ஒன்றில் நர்ஸ் நிஜமாகச் சொல்லியிருப்பாள் என்பதுதான் என் நம்பிக்கை. ஜெபராணி சொன்னாளே, அதுபோல. ஜெபராணிகளுக்காகத்தான் சார் செய்தேன்.

அதற்குப் பிறகு ஜெயித்தேன். பத்தொன்பது வழக்கு. ஒன்றும் தோற்கவில்லை. குறுக்கு விசாரணை என்று பெரிதாக ஒன்றும் செய்ய மாட்டேன். கூண்டில் இருப்பவரிடம் காகிதத்தை நீட்டி, "இது உங்க கையெழுத்தா?" என்பேன். "ஆமா." "போதும்." உட்கார்ந்துவிடுவேன். அவர்கள் அதற்கப்புறம் என்னென்னவோ சொல்லப் பார்ப்பார்கள். "இல்லைங்கய்யா, அது வந்து..." என்பார்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று நீதிபதி அதட்டுவார். கோர்ட்டில் எனக்குப் பட்டப்பெயரே 'போதும் சார்'தான். குமாஸ்தாக்கள் என் காதுபடவே, "போதும் சார் வந்துட்டாரு, இன்னைக்கு சீக்கிரம் சாப்பிடப் போயிரலாம்" என்பார்கள்.

வெளியே என்ன, ஜீப் வருகிறதா? தாசில்தார்தான். வரட்டும். பேசுவார்கள். முதலில் தண்ணீர் கொடுப்பார்கள், பாருங்கள். அதோ கொடுக்கிறார்கள். அவன் தட்டிவிட்டான். தட்டிவிடுவான்.

ஒரு விஷயம் சொல்கிறேன், தொழில் ரகசியம். இப்போது சொன்னால் யாருக்கு என்ன. அந்தப் படிவத்தை உடைக்க ஒரே ஒரு கேள்வி இருக்கிறது. பத்தொன்பது வழக்கிலும் எதிர்த்தரப்பு வக்கீல் ஒருத்தர் கூடக் கேட்கவில்லை. நான் ஒவ்வொரு முறையும் கேட்டுவிடப் போகிறாரே என்று கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். நிலையத்திலிருந்து ஒருவரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவதென்றால் சீட்டு எழுத வேண்டும். புத்தகத்தில் எழுதிக் கிழித்துக் கொடுப்பார்கள். அடிக்கட்டை புத்தகத்திலேயே இருக்கும், நம்பர் போட்டு. முதலில் சீட்டு எழுதினால்தானே வீட்டுக்காரர்கள் மறுக்க முடியும்? ஆகவே, 'அடிக்கட்டை எங்கே?' அவ்வளவுதான் கேள்வி. அதைக் கேட்டால் சில வழக்கில் அடிக்கட்டை இருந்திருக்கும். சில வழக்கில் இருந்திருக்காது.

எத்தனையில் இருந்திருக்காது என்று கேட்காதீர்கள். நான் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்பதுதான் வக்கீலுக்குப் பழக்கம்.

உங்களுக்கு வீட்டில் இருக்கிறார்களா? நல்லது. எனக்கு இல்லை. வடிவு. சண்முகவடிவு. போய் எட்டு வருஷம் ஆகிறது. அதுவும் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான்.

வடிவுக்குச் சொந்த ஊரே கருவேலங்குளம்தான். அன்றைக்கு அங்கே அவள் தம்பி வீட்டில் காதுகுத்து. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு நெஞ்சு கரிக்கிறது என்றாள். வியர்த்துக் கொட்டியது. நிலையம் மூன்று தெரு தள்ளி. காரில் கொண்டுபோனேன். பதினோரு மணி. டாக்டர் மாவட்ட ஆய்வுக் கூட்டத்துக்குப் போயிருந்தார். வாசலில் யார் என்கிறீர்கள்? ஜெபராணி. திரும்பி அங்கேயே வந்துவிட்டாள், ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது. என்னைப் பார்த்ததும் "சார் நீங்களா, அம்மாவுக்கா" என்று நாற்காலியைத் துடைக்கிறாள். பிறகு மெதுவாகப் படிவத்தை எடுத்தாள். "சார், தப்பா நினைக்காதீங்க. எல்லார்ட்டயும் வாங்குறது. நீங்க சொன்ன பாரம்தான்."

எனக்குப் பெருமையாக இருந்தது சார். நிஜமாகச் சொல்கிறேன். இத்தனை வருஷம் கழித்தும் ஒழுங்காக வாங்குகிறார்களே என்று. வாசிக்கக்கூட இல்லை. எழுதியவன் எதற்கு வாசிக்க? போட்டுக் கொடுத்தேன்.

வடிவைப் படுக்க வைத்தார்கள். ஊசி போட்டார்கள், நாக்கின் அடியில் ஒரு மாத்திரை வைத்தார்கள். நான் பக்கத்தில் ஸ்டூலில். கார் வாசலில் நிற்கிறது, டிரைவர் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறான். பெரியாஸ்பத்திரி அங்கிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர். முக்கால் மணி கூட ஆகாது.

வடிவு கேட்டாள். "ஏங்க, பெரியாஸ்பத்திரிக்குப் போயிருவமா?"

"இங்கயே எல்லாம் இருக்கு. பேசாமப் படு" என்றேன்.

நான் வேறு என்ன சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்கள். கருவேலங்குளம் நிலையத்தில் சகல வசதியும் உண்டு என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன், மூன்று வழக்கில். ஜெபராணி அங்கே நிற்கிறாள், கேட்டுக்கொண்டு. அவள் எதிரில், இங்கே வேண்டாம் வா என்று எழுப்பிக்கொண்டு போனால் அந்தப் பெண் என்ன நினைப்பாள்? கொண்டு போங்கள் என்று அவளும் சொல்லவில்லை. அவள் பிறகு என்னிடம் சொன்னாள், "உங்களுக்குத் தெரியாததா சார், கூட்டிட்டுப் போகணும்னா நீங்களே போயிருப்பீங்கன்னு நினைச்சேன்" என்று. நான் அவள் சொல்வாள் என்று இருந்தேன். அவள் நான் எழுந்திருப்பேன் என்று இருந்தாள். வடிவு இன்னொரு தடவையும் கேட்டாள். அதற்கும் நான், "சிஸ்டர் இருக்காங்கல்ல" என்றேன்.

ஒன்று இருபதுக்குப் போய்விட்டாள்.

ஜெபராணி அழுகிறாள், மூக்கு ஒழுக. அழுதுகொண்டே மேசையில் படிவத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். "சார், எழுதணுமே சார்" என்கிறாள். எழுதாவிட்டால் அவளைத்தான் கேட்பார்கள். ஓய்வுக்கு ஒரு வருஷம். இன்னொரு விசாரணையைத் தாங்க மாட்டாள். "எழுது" என்றேன். "நேரம் என்ன போடட்டும் சார்?" என்றாள்.

பன்னிரண்டு பத்து என்று சொன்னேன்.

இறப்புக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தால் சந்தேகப்படுவார்கள். ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்க வேண்டும். அது எனக்கு யோசிக்காமலே வந்துவிட்டது. வடிவு பக்கத்தில் படுத்திருக்கிறாள், நான் நேரம் சொல்கிறேன். தொழில் அப்படி ஊறிப்போயிருந்தது.

மறுநாள் பையன் வந்தான், ஓசூரிலிருந்து. சிதம்பரநாதன். அம்மா பிள்ளை. காரியமெல்லாம் முடிந்து நாலாம் நாள் நேராக நிலையத்துக்குப் போய்க் காகிதத்தைக் கேட்டு வாங்கி வந்துவிட்டான். வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு என்னிடம் நீட்டினான்.

"இது உங்க கையெழுத்தாப்பா?"

"ஆமா."

"பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லி, நீங்க மாட்டேன்னு சொன்னதா போட்டிருக்கு. சொன்னீங்களா?"

இல்லை என்று சொல்லலாம். சிஸ்டர் சொல்லவே இல்லை என்று சொல்லலாம். சொன்னால் அந்தப் படிவம் பொய். அதுவும் நானே பக்கத்தில் நின்று நிரப்பச் சொன்ன பொய். இந்தப் படிவம் பொய் என்றால் மற்றவை? அதுவரை பதினேழு வழக்கு ஜெயித்திருந்தேன். பதினேழு பேர், "இல்லைங்கய்யா, அது வந்து" என்று ஆரம்பித்தவர்கள். நான் யோசித்துத்தான் பார்த்தேன் சார். நின்ற இடத்திலேயே. அதோடு வடிவு கேட்டதும் நான் வேண்டாம் என்றதும் நடந்ததுதானே? படிவத்தில் யார் சொன்னது என்று எழுத இடமே கிடையாது. எடுத்துச் சொல்லப்பட்டது, மறுத்தோம். அவ்வளவுதான் இருக்கும். எப்படிப் பார்த்தாலும் அது உண்மையாகத்தான் வருகிறது.

"ஆமா" என்றேன்.

"கார் வெளிய நின்னுதா?"

"நின்னுது. நீ கேளு, டாக்டர் அன்னைக்கு..."

"போதும்ப்பா" என்றான்.

கோர்ட்டுக்கு அவன் வந்ததே இல்லை. அந்த வார்த்தையை எங்கே பிடித்தானோ தெரியவில்லை. அன்றைக்குப் போனவன்தான். பேத்திக்கு ஆறு வயசு என்று அவள் மாமா சொல்லித் தெரியும். காரை அந்த மாசமே கொடுத்துவிட்டேன். அதனால்தான் பஸ். உங்களோடு உட்கார்ந்திருக்கிறேன்.

வேலையை விட்டேனா என்று கேட்கிறீர்களா? எதற்கு விட வேண்டும்? இன்னும் நாலு வருஷம் செய்தேன். இரண்டு வழக்கு ஜெயித்தேன். விட்டால் என்னவோ ஏதோ என்று பேசுவார்கள். சொந்தப் பெண்டாட்டிக்கே அங்கேதான் வைத்தியம் பார்த்தார் என்று என் ஜூனியர் கோர்ட்டில் பெருமையாகச் சொன்னான் ஒருநாள். நீதிபதி தலையாட்டினார்.

பாருங்கள், உள்ளேயிருந்து ஒரு பெண் வருகிறாள், கையில் ஃபைல். நான் சொன்னேனே. என் படிவம்தான். அந்த இளநீலக் காகிதம் தூரத்திலிருந்தே தெரியும், நான்தான் நீலத்தில் அடிக்கச் சொன்னேன், மற்ற காகிதத்தோடு கலந்துவிடக் கூடாது என்று. தாசில்தார் வாங்கிப் பார்க்கிறார். அவனிடம் காட்டுகிறார். கூட்டம் அமைதியாகிறது, கேளுங்கள், இப்போது பேசுவது கேட்கும்.

"இது உன் கைநாட்டா இல்லையாப்பா?"

"என்னுதுதான்யா. ஆனா அது வரும்போதே..."

"உன்னுதுதானே?"

"வாசல்லயே வாங்கிட்டாங்கய்யா. உள்ள விடுறதுக்கு முன்னாடி. என்ன ஏதுன்னு எனக்கு வாசிக்கத் தெரியாதுய்யா."

"உன்னுதுதானேங்கேன்?"

"என்னுதுதான்."

முடிந்தது சார். அவன் மச்சான்மார் போல, இரண்டு பேர், அவர்களே பின்வாங்குகிறார்கள். "ஏலே, நீ சொல்லவே இல்லையே கைநாட்டு வச்சேன்னு" என்று ஒருத்தன் அவனையே கேட்கிறான். இனி அவர்கள் அவனைத்தான் கேட்பார்கள். வீட்டுக்குப் போனால் மாமியார் கேட்பாள். பத்து வருஷம் கழித்து அந்தக் குழந்தை கேட்கும். அவன் எழுந்துவிட்டான். காகிதத்தைத் தடவிப் பார்க்கிறான். தாசில்தார் பிடுங்காமல் விட்டிருக்கிறார், நல்ல மனுஷர்.

அடிக்கட்டையைக் கேட்டால் போதும். அவனுக்குத் தெரியாது. அங்கே நிற்கிற ஒருத்தனுக்கும் தெரியாது. இந்த ஜன்னலிலிருந்து அவன் நிற்கிற இடம் முப்பதடி இருக்குமா? கத்தினால்கூடக் கேட்கும். 'சீட்டுப் புத்தகத்தைக் கொண்டு வரச் சொல்லுடா, அடிக்கட்டையைக் காட்டச் சொல்லு.' இரண்டே வரி. சீட்டு எழுதியிருந்தால் காட்டிவிடப் போகிறார்கள், யாருக்கும் நஷ்டம் இல்லை. எழுதாமல் இருந்தால்? அந்த ஃபைலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே, சின்னப் பெண், பாவம், உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் ஜெபராணியாக இருந்தால்? கால்ல விழுந்து சொல்லியிருந்தால்? எனக்கு எப்படித் தெரியும்?

அதோடு, நீ யார் என்று கேட்பார்கள். யார் என்று சொல்வது?

டிரைவர் வந்துவிட்டார். இன்னும் வண்டியை எடுக்கவில்லை. முன்னால் நிற்கிற லாரி நகரட்டும் என்று பார்க்கிறார்.

ஏன் சார் எழுந்துவிட்டீர்கள்? உங்கள் ஊர் இன்னும் வரவில்லையே. பையையும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டீர்கள்.

எனக்கா வழி விடுகிறீர்கள்?

இல்லை சார். நான் இறங்க வேண்டிய இடம் இது இல்லை. நான் டவுனுக்குப் போகிறேன், கண் டாக்டரைப் பார்க்க. இதோ பாருங்கள், டிக்கெட். ஊர் பேர் அச்சடித்தே இருக்கிறது. வாசித்துக்கொள்ளுங்கள். உட்காருங்கள் சார், உட்காருங்கள்.